ஒரே ஸ்டீராய்டு, ஒன்றுக்கொன்று மாறான ஆய்வுகள்: குறைப்பிரசவ வலியோடு வருபவருக்கு ஊசி போட்டு அனுப்புவதா?

தாலுகா மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

நான் ஒரு தாலுகா மருத்துவமனையில் பணிபுரிகிறேன். சில நாட்களுக்கு முன் இரவுப் பணியில் இருந்தபோது, முதல் கர்ப்பம், ஏறத்தாழ 30 வாரம், விட்டுவிட்டு வலி வருகிறது என்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். பனிக்குடம் உடையவில்லை, காய்ச்சல் இல்லை, கருப்பை வாய் சிறிது திறந்திருந்தது. எங்களிடம் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது; மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 வண்டியில் ஒன்றரை மணி நேரம் ஆகும். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர உதவும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. ஊசியைத் தசையில் போட்டு, போட்ட நேரத்தைப் பரிந்துரைச் சீட்டில் எழுதி, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் என்னுடன் பணிபுரியும் ஒருவர், “2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஏ.சி.டி. ஆய்வைப் படிக்கவில்லையா? நம்மைப் போன்ற நாடுகளில் இந்த ஊசியால் குழந்தை இறப்பு கூடியிருக்கிறது” என்றார். மூத்த மருத்துவர் ஒருவரோ, “மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னமே இந்த ஊசிதானே, இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். இருவரும் ஆய்வைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள், இருவரும் காட்டும் ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. அப்படியானால் இரவு இரண்டு மணிக்கு என் முன் படுத்திருக்கும் ஒருவருக்கு எதைக் கொண்டு முடிவெடுப்பது? வழிகாட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வரி எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

பழைய ஸ்டெதஸ்கோப்

மகப்பேறு மருத்துவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இந்த ஊசியின் கதை ஆட்டுக்குட்டியில் தொடங்குகிறது என்பதால் அங்கிருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று 1960களில் செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றிலுள்ள குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தியபோது அது காலத்துக்கு முன்பே பிறந்தது. அதில் அவருக்கு வியப்பில்லை. அந்த வயதில் பிறந்த குட்டி மூச்சு விட முடியாமல் இறந்திருக்க வேண்டும், ஆனால் அது மூச்சு விட்டது என்பதுதான் வியப்பு. வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தவர் அதைக் கவனித்தார், புறந்தள்ளவில்லை. பிறகு ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து, குறைப்பிரசவம் எதிர்பார்க்கப்பட்ட 282 தாய்மார்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார். 1972இல் வெளியான முடிவில், பிறந்த முதல் வாரத்து இறப்பு மருந்து பெற்ற பிரிவில் 3.2 விழுக்காடு, பெறாத பிரிவில் 15 விழுக்காடு.

இதைப் படித்த உலகம் உடனே மாறியிருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். மாறவில்லை. அடுத்தடுத்து வேறு நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. ஒவ்வொன்றும் சிறியது என்பதால் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெளிவாகத் தெரியவில்லை. அவரவர் தங்களுக்குப் பிடித்ததை மேற்கோள் காட்டினார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதுதான் ஐயம் தீர்ந்தது. காக்ரேன் சின்னத்தின் நடுவில் தெரியும் கிடைக்கோடுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு. கீழே இருக்கும் வைர வடிவம் அவற்றின் கூட்டு முடிவு. அமெரிக்கத் தேசிய நல நிறுவனம் கருத்தொருமிப்புக் கூட்டம் நடத்தி இதைப் பரிந்துரைத்ததே 1994இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்! எண்பதுகளில் எங்கள் வார்டிலும் தாய்க்குத் தொற்று வந்துவிடும் என்ற அச்சத்தில் இதைத் தவிர்த்திருக்கிறோம். அந்த அச்சத்துக்கு எங்களிடம் எந்தக் கணக்கும் இருக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் மூத்த மருத்துவர் சொன்னது இந்த வரலாற்றைத்தான். நீங்கள் செய்தது சரி என்பதே என் கருத்து.

எண்ணும் எழுத்தும்

நான் மருத்துவர் அல்லன். மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியலில் வேலை செய்பவன். பழைய ஸ்டெதஸ்கோப் அம்மா சொன்ன வரலாற்றில் ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும்: அந்தத் தொடக்க கால ஆய்வுகளில் பெரும்பாலானவை செல்வ நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் நடந்தவை. பிறந்த குழந்தையைச் சூடாக வைத்து, மூச்சுக்கு உதவி, தொற்றைக் கவனிக்க ஆள் இருந்த இடங்கள் அவை.

ஏ.சி.டி. ஆய்வு முன்வைத்தது வேறொரு கேள்வி. அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில், ஊர்த் தொகுதிகளையே அலகாகக் கொண்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதித் தொகுதிகளில், கீழ்நிலைப் பணியாளர்கள் உட்பட எல்லாருக்கும் குறைப்பிரசவ அறிகுறிகளை அடையாளம் காணவும் ஊசி போடவும் பயிற்சியும் மருந்துப் பெட்டியும் கொடுத்தார்கள். ஆகவே இங்கே சோதிக்கப்பட்டது மருந்து மட்டுமன்று. ‘ஊர் முழுவதும் இந்த மருந்தைப் பரப்புவது’ என்ற திட்டம் சோதிக்கப்பட்டது.

கர்ப்ப வாரத்தை உறுதியாக அறிய வழியில்லாத ஊர்கள் என்பதால், பிறப்பு எடையில் மிகக் கீழே இருந்த 5 விழுக்காட்டுக் குழந்தைகளைக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பதிலாளாகக் கொண்டார்கள். அந்தக் குழந்தைகளிடையே 28 நாள் இறப்பு, பயிற்சி கொடுத்த தொகுதிகளில் ஆயிரத்துக்கு 225. பயிற்சி கொடுக்காத ஒப்பீட்டுத் தொகுதிகளில் 232. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு 27.4, ஒப்பீட்டுத் தொகுதிகளில் 23.9. இறப்பு கூடியிருக்கிறது. தாய்மார்களிடம் தொற்று இருக்கலாம் என்ற ஐயமும் கூடுதலாகப் பதிவானது.

இதன் உட்பொருளைக் கவனியுங்கள். ஊசி பெற்ற பெண்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தது குறைந்த எடைக் குழந்தையே அன்று. வலி என்று வந்தார்கள், ஊசி பெற்றார்கள், பிறகு நல்ல எடையுள்ள குழந்தையைப் பெற்றார்கள். நுரையீரல் முதிர்ந்த குழந்தைக்கு இந்த மருந்தால் வரக்கூடிய பலன் மிகக் குறைவு. தீங்கு ஏதேனும் இருந்தால் அது மட்டும்தான் மிஞ்சும்.

அவசரப் பிரிவு

மேலே உள்ள விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஓர் ஆய்வின் முடிவு நமக்குப் பிடிக்காதபோது, “அங்கே வசதி இல்லை, வாரக் கணக்குத் தவறு, தவறான பெண்களுக்குப் போட்டுவிட்டார்கள்” என்று பின்னால் காரணம் கண்டுபிடிப்பது மிக எளிது. முடிவு பிடித்திருந்தால் இதே குறைகளை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஏ.சி.டி. பலன் காட்டியிருந்தால் ‘எடையைப் பதிலாளாகக் கொண்டது பிழை’ என்று இங்கே ஒருவராவது எழுதியிருப்பீர்களா?

விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பக் கூடாது என்பதை எனக்குக் கற்பித்ததும் ஸ்டீராய்டுதான். தலையில் அடிபட்டால் மூளை வீங்குகிறது, ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே கொடுக்கலாம். முதலாண்டு மாணவருக்கும் விளங்கும் வாதம் இது. பல ஆண்டுகள் உலகெங்கும் கொடுத்தார்கள். சிறிய ஆய்வுகளைத் தொகுத்தபோது நன்மைக்கும் இடம் இருந்தது, தீமைக்கும் இடம் இருந்தது. 20,000 பேரைச் சேர்க்கும் நோக்கத்தோடு கிராஷ் ஆய்வு தொடங்கப்பட்டது. 10,008 பேர் சேர்ந்த நிலையில் 2004இல் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 21.1 விழுக்காடு, மருந்துப்போலி (மருந்து இல்லாத போலி) பெற்ற பிரிவில் 17.9 விழுக்காடு. மருந்து கொடுத்த 31 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இறந்திருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைத் தன் வார்டில் நின்று எந்த மருத்துவராலும் கண்டிருக்க முடியாது. தலைக்காயத்தோடு வந்த நூறு பேரில் பதினெட்டுப் பேர் இறப்பதற்கும் இருபத்தொரு பேர் இறப்பதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பிழைத்தவர் மருந்தால் பிழைத்தார் என்றும், இறந்தவர் காயத்தால் இறந்தார் என்றும் எழுதிக்கொண்டு போயிருப்போம். போனோம்.

எண்ணும் எழுத்தும்

அவசரப் பிரிவு எழுதியதை முழுதாக ஏற்கிறேன். முடிவு வந்த பிறகு சொல்லப்படும் காரணம் ஒரு கருதுகோள் மட்டுமே. அதைச் சான்றாக எண்ணியிருந்தால் அது என் பிழை. ஆனால் கருதுகோளைச் சோதிக்கலாம், இந்தக் கருதுகோளைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

ஏ.சி.டி. முடிவுக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் 2015இல் தன் பரிந்துரையைத் திருத்தி, நிபந்தனைகளை முன்வைத்தது: கர்ப்ப வாரத்தைத் துல்லியமாகக் கணிக்க முடிய வேண்டும், குறைப்பிரசவம் மிக அருகில் இருக்க வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, பிரசவத்துக்கும் குழந்தைக்கும் போதிய கவனிப்பு கிடைக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் நிறைவேறும் இடத்தில், வறிய நாடுகளிலும் பலன் உண்டா? அதை அறிய இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகளில் ஆக்‌ஷன் ஆய்வு நடந்தது. 26 வாரம் முதல் 33 வாரம் 6 நாள் வரை, ஸ்கேன் மூலம் வாரம் உறுதி செய்யப்பட்ட, 48 மணி நேரத்துக்குள் பிரசவம் எதிர்பார்க்கப்பட்ட 2,852 பெண்கள். பாதிப் பேருக்கு டெக்ஸாமெத்தசோன், பாதிப் பேருக்கு மருந்துப்போலி. 2020இல் வந்த முடிவு: பச்சிளங்குழந்தை இறப்பு 19.6 விழுக்காடு, மருந்துப்போலிப் பிரிவில் 23.5. ஏறத்தாழ 25 தாய்மார்களுக்கு மருந்து கொடுத்தால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது. தாய்மார்களின் தொற்றும் கூடவில்லை. பலன் தெளிவானதால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள்.

ஆகவே ஏ.சி.டி.யும் ஆக்‌ஷனும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று இப்போது சற்று நம்பிக்கையோடு சொல்லலாம். இதை 2016இலேயே சொல்லியிருந்தால் அது வெறும் ஊகமாக இருந்திருக்கும்.

அவசரப் பிரிவு

இது நியாயமான பதில். ஏற்கிறேன்.

மூச்சு

நுரையீரல் மருத்துவன் என்ற முறையில் கோவிட் காலத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இழையிலிருந்து விலகுவது போலத் தோன்றினாலும் கேள்வி அதேதான்.

2020 ஜூன் 16 அன்று, கோவிட் நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி ஆய்வின் டெக்ஸாமெத்தசோன் முடிவு வெளியானது. நாளொன்றுக்கு 6 மி.கி., பத்து நாள்; சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து. ஊடகங்களில் ‘ஸ்டீராய்டு உயிர் காக்கிறது’ என்ற ஒற்றை வரி பரவியது. ஆய்வில் இருந்தவை மூன்று வரிகள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே 28 நாள் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களிடையே 26.2 என்பது 23.3 ஆயிற்று. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களிடையே 14 விழுக்காடாக இருந்த இறப்பு, மருந்து பெற்றவர்களிடம் 17.8 விழுக்காடு. இந்த மூன்றாவது வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவில்தான் இருந்தது. தீங்கு நிரூபிக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பலன் இருக்கிறது என்று சொல்ல ஒரு துளி ஆதாரமும் அங்கே இல்லை.

இரண்டாம் அலையின்போது நான் பார்த்தவர்களில் பலர், காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, ஆக்ஸிஜன் அளவு 97, 98 இருக்கும்போதே, வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியிருந்தார்கள். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் அந்த ஆய்வின் பலன் அவர்களுக்கு உரியதே அன்று. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கரும்பூஞ்சை வந்தது. 2021 மே மாதத்தில் அதை அறிவிக்கத்தக்க நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று.

நோயாளியின் மகள்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள், படிக்க மட்டுமே வந்தேன். மூச்சு அவர்கள் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் தந்தைக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் மாத்திரை கொடுத்தோம். சீட்டில் பெயர்கூட இல்லை. பக்கத்து வீட்டாருக்கு வந்ததை எங்களுக்கு அனுப்பினார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டிய பிறகே விழித்துக்கொண்டோம். அவர் நலமாக இருக்கிறார். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அந்தச் செய்தியில் எழுதியிருந்தது. யாருக்கு நிரூபிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

முப்பது வருட வார்டு

எல்லாரும் சராசரியைப் பற்றியே பேசுகிறீர்கள். 25 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன் என்றால், மற்ற 24 பேர் யார்? என் முன் இருப்பவர் எந்தப் பக்கம் என்பதை எந்த ஆய்வும் சொல்லாது. நோயாளியின் முகத்தைப் பார்த்தே பழகிய எங்களைப் போன்றவர்கள்தான் ஓரளவு சொல்ல முடியும். சான்றுசார் மருத்துவத்துக்கு இலக்கணம் வகுத்த சாக்கெட் முதலானோரே 1996இல் எழுதிய கட்டுரையில், மருத்துவரின் தேர்ச்சி இல்லாத சான்று கொடுங்கோலாகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பாதியை மட்டும் இப்போதைய பிள்ளைகளுக்கு யாரும் கற்பிப்பதில்லை. கைபேசியில் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு நோயாளியைப் பார்க்கிறார்கள்.

மூச்சு

ஐயா, அந்தக் கட்டுரையின் அடுத்த பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: சான்று இல்லாத தேர்ச்சி காலாவதியாகிவிடும் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

“என் நோயாளி வேறுபட்டவர்” என்பதும் ஒரு கூற்றுதான். அதையும் சோதித்தாக வேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் இறப்பை 41.3 விழுக்காட்டிலிருந்து 31.8 ஆகக் குறைத்தது, 2004இல் வெளியானது. எச்.ஐ.வி. தொற்றும் உள்ளவர்களுக்கு இது பொருந்துமா என்பது அப்போது தெளிவாகவில்லை. பொருந்தும் என்று கொடுத்தவர்களும் உண்டு, எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ஸ்டீராய்டா என்று அஞ்சியவர்களும் உண்டு. இருபுறமும் அனுபவசாலிகள். எச்.ஐ.வி. உள்ள 520 பேரிடம் தனியே ஆய்வு நடத்தி 2023இல் முடிவு வந்தபோது, இறப்பு மருந்து பெற்றவர்களிடையே 44.1 விழுக்காடும் பெறாதவர்களிடையே 49 விழுக்காடுமாக இருந்தது. பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. பெரிதாக அஞ்சிய தீங்கும் தென்படவில்லை. முகத்தைப் பார்த்து இரு தரப்பாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

தேர்ச்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வலி உண்மையான பிரசவ வலியா, தாய்க்குத் தொற்று இருக்கிறதா என்பதைக் கை வைத்துப் பார்த்துச் சொல்பவர் நீங்கள்தான். அந்த விடை கிடைத்த பிறகுதான் ஆய்வின் எண்ணுக்குப் பொருள் வருகிறது.

பிரசவ அறைச் செவிலி

எல்லாரும் வாரக் கணக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதை எழுதுபவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்டால், “பொங்கலுக்கு முந்தின வாரம்” என்பார்கள், “மாமியாருக்குத்தான் தெரியும்” என்பார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். ஏழாம் மாதத்தில் முதன்முதலாக எடுத்த ஸ்கேனில் குழந்தை சிறியதாக இருந்தால், வாரம் குறைவா வளர்ச்சி குறைவா என்று அந்த ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. தாய்-சேய் நல அட்டையில் ‘30 வாரம்’ என்று எழுதியிருக்கும். எதை வைத்து எழுதினார்கள் என்பது எழுதியிருக்காது. தொடங்கியவர் அந்தப் பெண்ணின் 30 வாரத்தை எதிலிருந்து எடுத்தார் என்று அறியலாமா?

தாலுகா மருத்துவர்

நல்ல கேள்வி, சற்று வெட்கத்தோடு பதில் சொல்கிறேன். அட்டையில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் கேட்ட பிறகு மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் நண்பரிடம் விசாரித்தேன். 11ஆம் வாரத்தில் எடுத்த ஸ்கேன் அந்தப் பெண்ணிடம் இருந்திருக்கிறது. கணக்குச் சரியாகவே வந்தது. நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

இன்னொன்று: அவருக்குப் பிரசவம் ஆகவில்லை. ஒரு சுற்றுக்கு உரிய நான்கு ஊசிகளில் மற்ற மூன்றையும் அங்கே போட்டார்கள், வலி நின்றது, சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் நான் போட்டது தேவையற்ற ஊசி ஆகிவிட்டதா?

எண்ணும் எழுத்தும்

முடிவெடுத்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும், பிறகு நடந்ததை வைத்து அல்ல. அவருக்கு அன்றிரவே குழந்தை பிறந்து நலமாக இருந்திருந்தாலும் அது உங்கள் ஊசிக்குச் சான்றாகாது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இப்படி ஊசி பெற்றுப் பிரசவமாகாதவர்கள் உங்கள் மருத்துவமனையில் பத்தில் எத்தனை பேர் என்று ஓராண்டு எழுதி வைத்தால், நீங்கள் ஆக்‌ஷன் ஆய்வுக்கு அருகில் இருக்கிறீர்களா ஏ.சி.டி.க்கு அருகில் இருக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும். அதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பழைய ஸ்டெதஸ்கோப்

நோட்டுப் புத்தகத்தோடு இதையும் செய்யுங்கள். அந்தப் பெண் 32, 33 வாரத்தில் மறுபடி வலியோடு உங்களிடமே வரக்கூடும். முதல் சுற்று முடிந்து ஏழு நாளுக்கு மேல் ஆகி, பிரசவம் அடுத்த ஏழு நாளுக்குள் நிகழும் என்று தோன்றினால், இன்னும் ஒரே ஒரு சுற்று கொடுக்க உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இடம் இருக்கிறது. வலி என்று வரும்போதெல்லாம் போடுவதற்கு இடம் இல்லை. அப்போது பணியில் இருப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம், ஊசி போட்ட விவரமும் அவருக்குத் தெரியாமல் போகலாம். பரிந்துரைச் சீட்டு மருத்துவக் கல்லூரிக் கோப்பில் இருக்கிறது, அட்டையோ அந்தப் பெண்ணின் பையில் இருக்கிறது.

தாலுகா மருத்துவர்

கிராம சுகாதார செவிலியரிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். நாளை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகும்போது, நான்கு ஊசிகளின் தேதியையும், 11ஆம் வாரத்து ஸ்கேன் தேதியையும் அட்டையின் முதல் பக்கத்தில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். முதல் வரி அந்தப் பெண்ணுடையது, ‘பிரசவம் ஆகவில்லை’ என்று.